48 கிலோமீட்டர் ஃபைபரில் 10ஜி நிரம்பிவிட்டது: அடுத்து எந்த வழி?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரே கேள்விதான். ஊரில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒருவர், பக்கத்து நகரத்திலிருந்து இரண்டு கோர் (கேபிளுக்குள் இருக்கும் ஒற்றை இழை) டார்க் ஃபைபரை (கருவி எதுவும் இணைக்காத வெறும் ஃபைபரை) வாடகைக்கு எடுத்து அதில் 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) ஓட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டிராஃபிக் கிராஃப் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு பதினொரு மணி வரை இறங்காது. "அண்ணா, இன்னும் நாலு 10ஜி போடவா, ஒரேயடியாக 100ஜிக்குப் போயிடவா?" என்று போன் வரும்.

நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "இப்ப மைனஸ் எவ்வளவு வருது?" அதாவது, இந்த முனைக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்று. அதை ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டிபிஎம் அலகில் அளப்பதால் மைனஸ் எண்ணாக வரும். பாதிப் பேருக்குத் தெரியாது. "48 கிலோமீட்டர்ண்ணா, 80 கிலோமீட்டர் மாட்யூல்தானே போட்டிருக்கோம்" என்பார்கள்.

மாட்யூல் (ஸ்விட்சில் செருகி ஒளியை அனுப்பி வாங்கும் சிறு கருவி) மேல் ஒட்டியிருக்கும் கிலோமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த எண் நல்ல ஃபைபரில், குறைவான ஜாயின்டில், சுத்தமான கனெக்டரில் போகக்கூடிய தூரம். நம் சாலையோர ஃபைபர் அப்படி இருப்பதில்லை.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

இழப்பு. வழியில் எவ்வளவு ஒளி செத்துப்போகிறது என்பதை டெசிபெல்லில் (இனி டிபி) அளக்கிறோம். சாதாரண ஜி.652 சிங்கிள் மோட் ஃபைபரில் 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.2 டிபி சொச்சம் போகும். 1310-ல் 0.35 வரை போகும். ஆக, அதே ஃபைபர் 1310 மாட்யூலுக்கு நீளமான ஃபைபராகத் தெரியும்.

நிறப்பிரிகை. பள்ளியில் முப்பட்டகத்தில் பார்த்த அதே சங்கதிதான். லேசரின் ஒளியிலும் கொஞ்சம் நிற அகலம் உண்டு; வேறு வேறு அலைநீளம் வேறு வேறு வேகத்தில் ஓடும். 1550-ல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஒரு நானோமீட்டர் அகலத்துக்குச் சுமார் 17 பிக்கோசெகண்டு விலகும். போகப் போக ஒரு பிட் அடுத்த பிட்டின் மேல் படியும். 1310 அருகே இது கிட்டத்தட்ட பூஜ்யம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், வேகம் இரண்டரை மடங்கானால் தாங்கும் தூரம் ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். 1550-ல் 80 கி.மீ. ஓடும் 10ஜியைப் போல் 25ஜியை ஓட்டினால் பதினைந்து கிலோமீட்டருக்குள் கலங்கிவிடும். 25ஜி நான்கைச் சேர்த்து 100ஜி செய்யும் மாட்யூல்கள், இழப்பு அதிகம் என்று தெரிந்தும் 1310 பக்கம் போனதற்கு இதுதான் காரணம்.

எத்தனை கோர்? உங்களிடம் இருப்பது ஒரு கோரா, இரண்டா? இது பல வழிகளை ஆரம்பத்திலேயே அடைத்துவிடும். இதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்விட்ச் என்ன தாங்கும்? போர்ட்டுக்கு எத்தனை வாட் கொடுக்கும், பிழை திருத்தும் எஃப்இசி இருக்கிறதா, வெளியில் வாங்கிய மாட்யூலை ஏற்றுக்கொள்ளுமா.

போட்ட பணம் எங்கே தங்குகிறது? மாட்யூலை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். மக்ஸ் (பல நிற ஒளிகளை ஒரே ஃபைபரில் சேர்த்து, மறுமுனையில் பிரிக்கும் பெட்டி), ஆம்ப்ளிஃபையர் (ஒளியைப் பெருக்கும் கருவி) போன்றவை லைனோடு தங்கும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

## ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி என்று வைத்துக்கொள்வோம். சாலையில் நாற்பது சொச்சம் கிலோமீட்டர். ஆனால் கேபிள் வளைந்து போகும். கம்பத்துக்குக் கம்பம் சுருள் விட்டிருப்பார்கள். ஃபைபர் நீளம் 48 கி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கேபிள் டிரம் என்றால் 23 ஜாயின்ட். அப்புறம் ஜேசிபி. ஒரு கட் விழுந்தால் நடுவில் ஒரு துண்டு கேபிள் போட்டு ஒட்டுவோம். ஆக, ஒரு கட்டுக்கு இரண்டு ஜாயின்ட். இதுவரை ஆறு கட் விழுந்திருந்தால் இன்னும் 12. மொத்தம் 35 ஜாயின்ட், ஒன்றுக்கு 0.1 டிபி வைத்தால் 3.5. இரண்டு முனையிலும் கனெக்டர்களுக்கு 2 டிபி.

1550-ல்: ஃபைபருக்கு (கிலோமீட்டருக்கு 0.22 வைத்து) 10.6, ஜாயின்டுக்கு 3.5, கனெக்டருக்கு 2. மொத்தம் 16.1 டிபி.
1310-ல்: ஃபைபருக்கு 16.8, மற்றவை அதேதான். மொத்தம் 22.3 டிபி.

இனி விழப்போகும் கட்டுகளுக்கும் அழுக்குக்கும் 3 டிபி கையிருப்பு வேண்டும். ஆகவே தேவை 1550-ல் 19.1, 1310-ல் 25.3.

இதை வைத்துக்கொண்டு வழிகளைப் பார்த்தால் (இஆர், இசட்ஆர், கோஹிரன்ட் எல்லாம் மாட்யூல் வகைகள்; ஒவ்வொன்றையும் கீழே சொல்கிறேன்):

| வழி | மாட்யூல் தாங்கும் இழப்பு (சுமார்) | நமக்குத் தேவை | நடக்குமா? |
|---|---|---|---|
| 10ஜி இஆர் (40 கி.மீ. வகை) | 11 டிபி | 19.1 | நடக்காது |
| 10ஜி இசட்ஆர் (80 கி.மீ. வகை), நேராக | 22 டிபி | 19.1 | நடக்கும் |
| 10ஜி இசட்ஆர், 8 சேனல் மக்ஸ் வழியாக | 22 டிபி | 24.1 | ஆம்ப்ளிஃபையர் வேண்டும் |
| 100ஜி இஆர்4, இஆர்4 லைட் | 18 டிபி | 25.3 | நடக்காது |
| 100ஜி இசட்ஆர்4 (80 கி.மீ. வகை) | 30 டிபி | 25.3 | நடக்கும் |
| 100ஜி கோஹிரன்ட், நேராக | 20 அல்லது அதற்கு மேல், மாடலைப் பொறுத்து | 19.1 | விளிம்பில் நடக்கும் |
| 400இசட்ஆர், நேராக | 11 டிபி | 19.1 | ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நடக்காது |

10ஜி இசட்ஆரின் டேட்டாஷீட்டில் 24 டிபி என்று போட்டிருக்கும். அதில் நிறப்பிரிகைக்கு 2 டிபி கழித்துத்தான் 22 என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள்; மக்ஸின் இழப்பு 5 டிபியைச் சேர்த்ததால் தேவை 24.1 ஆகிறது. "80 கிலோமீட்டர்" என்று எழுதிய மாட்யூல், நடுவில் மக்ஸ் வந்ததும் 48 கிலோமீட்டரில் மூச்சு வாங்குகிறது.

## வழி 1: 10ஜிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது

40 கி.மீ. போகும் 10ஜி இஆர், 2002-ல் வந்த ஐஇஇஇ (ஈதர்நெட் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரத்திலேயே இருக்கிறது. 80 கி.மீ. இசட்ஆர் அந்தத் தரத்தில் கிடையாது. தயாரிப்பாளர்கள் தாங்களாகக் கொண்டுவந்தது. அதனால் இரண்டு முனையிலும் ஒரே வகை மாட்யூல் போடுவது நல்லது.

ஒவ்வொரு 10ஜிக்கும் ஒரு நிறம் (ஒரு அலைநீளம், அதாவது ஒரு சேனல்) கொடுத்து, மக்ஸ் வழியாக ஒரே ஃபைபரில் ஏற்றுவதுதான் இந்த வழி. மக்ஸுக்குக் கரண்ட் வேண்டாம், கெட்டுப்போகவும் அதிகம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்சையே வைத்துக்கொள்ளலாம். ஒரு 10ஜி மாட்யூல் செத்தாலும் மற்றவை ஓடும். இன்றைக்கு 10ஜி நிரம்பி, அடுத்த இரண்டு வருடத்தில் 30 அல்லது 40ஜி போதும் என்பவர்களுக்கு இதுதான் சரி.

ஆனால் சிடபிள்யூடிஎம் (நிறங்களை அகல இடைவெளியில் வைக்கும்) மக்ஸ் வாங்காதீர்கள். மலிவுதான். ஆனால் ஃபைபரில் பயன்படுத்தும் இடிஎஃப்ஏ ஆம்ப்ளிஃபையர் சுமார் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரைதான் பெருக்கும். சிடபிள்யூடிஎம் நிறங்கள் 20 நானோமீட்டர் இடைவெளியில் பரந்து கிடப்பவை. பெரும்பாலானவை இந்த எல்லைக்கு வெளியே விழும். நாளைக்கு ஒளி பற்றவில்லை என்றால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். டிடபிள்யூடிஎம் (நிறங்களை நெருக்கி வைக்கும்) மக்ஸ் கொஞ்சம் கூடுதல் விலை. ஆனால் எல்லாச் சேனலையும் ஒரே ஆம்ப்ளிஃபையர் தூக்கும், பின்னால் 100ஜி கோஹிரன்ட் மாட்யூலும் அதே மக்ஸில் ஒரு சேனலில் உட்காரும். நான் சொன்ன லைனோடு தங்கும் பணம் இதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

ஒன்று, ஸ்பேர். நிறத்துக்கு ஒரு மாட்யூல் என்றால் எட்டு நிறத்துக்கு எட்டு ஸ்பேர். எந்த நிறத்துக்கும் மாற்றிக்கொள்ளும் ட்யூனபிள் மாட்யூல் ஒன்றிரண்டு வாங்கி அலமாரியில் வைத்தால் தீர்ந்தது.

இரண்டு, 4 x 10ஜி என்பது 40ஜி அல்ல. ஸ்விட்ச் ஒவ்வொரு இணைப்பையும் ஏதாவது ஒரு லிங்கில் போட்டுவிடும், பிரித்து அனுப்பாது. ஆயிரக்கணக்கான வீடுகளின் டிராஃபிக் என்றால் ஓரளவு சமமாகப் பரவும். இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவில் பேக்கப் ஓட்டுபவருக்கு இது உதவாது. அவருடைய ஒற்றைப் பெரிய ஓட்டம் 10ஜியைத் தாண்டவே தாண்டாது.

மூன்று, ஆம்ப்ளிஃபையர். நம் கணக்கில் அது தேவைப்படுகிறது. அதற்கு யுபிஎஸ் வேண்டும். அதைவிட முக்கியம் கண். பூஸ்டரிலிருந்து (அனுப்பும் முனையில் வைக்கும் ஆம்ப்ளிஃபையர்) 17 டிபிஎம், அதாவது 50 மில்லிவாட் ஒளி வருவது சாதாரணம். அது கண்ணுக்குத் தெரியாது. கனெக்டரைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்து "லைட் வருதா" என்று பார்க்கும் பழக்கம் நம் ஆட்களில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை ஒழித்த பிறகு ஆம்ப்ளிஃபையரை ரேக்கில் ஏற்றுங்கள். அவ்வளவு ஒளி பாயும்போது கனெக்டரில் தூசு இருந்தால் அது கருகிக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

## வழி 2: 1310-ல் நேரடி 100ஜி

100ஜி ஈதர்நெட் 2010-ல் தரமானபோதே 10 கி.மீ. எல்ஆர்4, 40 கி.மீ. இஆர்4 இரண்டும் வந்துவிட்டன. 1295 முதல் 1310 வரை நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் 25ஜி. இஆர்4 லைட் என்பது அதன் சிக்கன வடிவம். எஃப்இசி போட்டால்தான் 40 கி.மீ. எட்டும், இல்லாவிட்டால் 25, 30-க்குள் நின்றுவிடும். இசட்ஆர்4 என்பது மாட்யூலுக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வைத்து 80 கி.மீ. என்று விற்பது.

உங்கள் 1310 இழப்பு 15 டிபிக்குள் என்றால், அதாவது முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நல்ல லைன் என்றால், யோசிக்கவே வேண்டாம். இஆர்4 லைட் போட்டு 100ஜிக்கு மாறிவிடுங்கள். மக்ஸ் வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், நிறக் கணக்கு வேண்டாம்.

நம் 48 கி.மீ. லைனுக்கு இசட்ஆர்4. கையிருப்பு போக இன்னும் 4.7 டிபி மிச்சம். வாங்கும் முன் ஸ்விட்சின் போர்ட் வாட்டைப் பாருங்கள். சாதாரண கியூஎஸ்எஃப்பி28 (100ஜி மாட்யூலின் வழக்கமான வடிவம்) மாட்யூல் 3.5 வாட்டில் ஓடும். இசட்ஆர்4 ஆறு வாட்டுக்கு மேல் கேட்கும். பல ஸ்விட்சுகளில் எல்லாப் போர்ட்டும் இதைக் கொடுக்காது. சிலவற்றில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு போர்ட் மட்டும் கொடுக்கும். ஏசி நின்ற சித்திரை மதியத்தில், 45 டிகிரி அறையில், அந்த மாட்யூல்தான் முதலில் அலாரம் அடிக்கும்.

அடுத்தது எஃப்இசி. மாட்யூல் இரண்டு பக்கமும் போட்டு, ஒளி நன்றாக வந்து, லிங்க் மட்டும் எழும்பவில்லை என்று ஒரு இரவு முழுக்க ஃபைபரைத் தேடிப் போனவரை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் எஃப்இசி ஆன், மறுபக்கம் ஆஃப். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வழியின் குறை, வளர்ச்சி. ஒரு ஜோடி ஃபைபரில் ஒரே 100ஜி. அதற்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. 1310 போர்ட் வைத்த டிடபிள்யூடிஎம் மக்ஸ் கிடைக்கிறது. அந்தப் போர்ட்டில் இசட்ஆர்4, மற்ற சேனல்களில் பழைய 10ஜிகள். 1310 போர்ட்டின் இழப்பு முனைக்கு ஒரு டிபி என்று வைத்தால் தேவை 27.3 ஆகும், 30-க்குள் அடங்கிவிடும். 100ஜி விழுந்தாலும் 10ஜி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு 1550-ல் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

## வழி 3: கோஹிரன்ட் 100ஜி

மேலே பார்த்த மாட்யூல்கள் ஒளி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்ப்பவை. கோஹிரன்ட் மாட்யூல், வரும் ஒளியைத் தன் லேசரோடு கலந்து அதன் கட்டத்தையும் (ஃபேஸ்) முனைவாக்கத்தையும் (போலரைசேஷன்) சேர்த்துப் படிக்கும். நிறப்பிரிகையை உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு நீக்கிவிடும். அதனால் 1550-ஐ, அதாவது ஃபைபரின் குறைந்த இழப்புப் பகுதியை, 100ஜிக்கும் பயன்படுத்த முடிகிறது. ஐஇஇஇ 2021-ல் இதை 100ஜி இசட்ஆர் என்று தரப்படுத்தியது; டிடபிள்யூடிஎம் லைனில் 80 கி.மீ. என்பது அதன் இலக்கு.

70 கிலோமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒரு ஜோடியில் இரண்டு மூன்று 100ஜி வேண்டும் என்றால், என் தேர்வு இதுதான். கோவையிலிருந்து உடுமலை வரை நேராகப் போகிறவருக்கு 1310 கணக்கு முப்பதைத் தாண்டிவிடும். வேறு வழி இல்லை. மக்ஸும் ஆம்ப்ளிஃபையரும் ஏற்கெனவே இருப்பவருக்கு இன்னும் எளிது: மாட்யூலைச் செருகி, சேனலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விலை இன்னும் அதிகம். அதோடு அனுப்பும் சக்தி குறைவு. பல மாடல்கள் மைனஸ் 8 டிபிஎம் அளவில்தான் விடும். அதிக சக்தி மாடல் தனியாக விற்கிறார்கள். ஆர்டர் போடும்போது எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. "100ஜி டிடபிள்யூடிஎம் 80 கி.மீ." என்று மலிவாக பேம்4 (ஒளியை நான்கு அளவுகளில் மாற்றித் தகவல் அனுப்பும்) மாட்யூல்கள் கிடைக்கும். அவற்றுக்கு ஆம்ப்ளிஃபையரும் வேண்டும், நிறப்பிரிகையை ஈடுகட்டும் சுருளும் வேண்டும். இரண்டின் விலையையும் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும்.

## வழி 4: 400ஜி

2020-ல் 400இசட்ஆர் ஒப்பந்தம் வந்தது. ஆம்ப்ளிஃபையர் வைத்த லைனில் 120 கி.மீ. வரை, இல்லாத லைனில் 11 டிபி வரைதான். மாட்யூல் பதினைந்து இருபது வாட் தின்னும், அதற்கேற்ற ஸ்விட்சும் புதிதாக வேண்டும். 10ஜி நிரம்பியவர் இங்கே தாவ வேண்டியதில்லை. மக்ஸ் வாங்கும்போது 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி உள்ளதாக வாங்கினால் பின்னால் 400இசட்ஆரும் அதில் போகும்.

## வழி 5: ஃபைபரை விட்டு பேண்ட்வித்தாக வாங்குவது

கட் விழுந்தால் நடுராத்திரியில் ஸ்ப்ளைசிங் மெஷினோடு போக ஆள் இல்லையென்றால் இதைப் பரிசீலியுங்கள். மாதாமாதம் பணம் போகும், வளர வளர அதுவும் வளரும். ஆனால் முதல் வருடத்தில் எவ்வளவு டிராஃபிக் வரும் என்றே தெரியாத புது ஊருக்கு இது நியாயமான வழி. இரண்டாவது பாதையாக, அதுவும் வேறு சாலை வழியாகப் போகிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்கினால் மிகவும் நல்லது.

## வாங்கும் முன் ஒரு நாள்

பவர் மீட்டரும் ஓடிடிஆரும் (ஃபைபரில் எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) எடுத்துக்கொண்டு லைனை ஒரு நாள் முழுக்க அளந்துவிடுங்கள். 1310, 1550 இரண்டிலும் அளக்க வேண்டும். ஜாயின்ட் பெட்டிக்குள் ஃபைபரை இறுக்கிச் சுற்றியிருந்தால் 1310-ல் ஒன்றும் தெரியாது. 1550-ல் அதே இடத்தில் ஒரு டிபி இறங்கும். பெட்டியைத் திறந்து சுற்றைத் தளர்த்தினால் போதும், காசில்லாமல் ஒரு டிபி திரும்பி வரும்.

கனெக்டரும் அப்படித்தான். ஒரு லைனில் மைனஸ் 23.4 வந்துகொண்டிருந்தது. லிங்க் நாளுக்கு இரண்டு முறை விழும். மாட்யூலை மாற்றியும் பயனில்லை. பேட்ச் கார்டைக் கழற்றி ஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் கட்டைவிரல் எண்ணெய், ஒரு மீன் செதில் போல. க்ளீனர் பேனாவால் இரண்டு முறை அழுத்தியதும் மைனஸ் 19.8. மூன்றரை டிபிக்கு மேல் ஒரு விரல் ரேகையில் போயிருந்தது. 1550 கணக்கில் அது பதினாறு கிலோமீட்டர் ஃபைபருக்குச் சமம். பச்சை கனெக்டரை (முனை சாய்வாக இருப்பது) நீலத்தில் (முனை சாய்வில்லாதது) செருகியிருக்கிறார்களா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

## ஒரே ஒரு கோர்தான் இருக்கிறது என்பவர்களுக்கு

கேபிள் டிவி காலத்திலிருந்து வந்த பலரிடம் ஒரு கோர்தான் இருக்கிறது. 10ஜிக்குக் கவலை இல்லை. போக 1490, வர 1550 என்று 80 கி.மீ. பைடி (ஒரே கோரில் இரு திசையும் ஓடும்) மாட்யூல் கிடைக்கிறது. நிறைய 10ஜி வேண்டுமென்றால் ஒற்றைக் கோர் டிடபிள்யூடிஎம் மக்ஸ்: பாதிச் சேனல் போக, பாதிச் சேனல் வர. 100ஜியில் 40 கி.மீ. பைடி உண்டு, ஆனால் நம் 22.3 டிபியை அது தாண்டாது. கோஹிரன்ட் மாட்யூல்களில் பெரும்பாலானவை அனுப்பவும் வாங்கவும் ஒரே லேசரை, ஒரே நிறத்தைப் பயன்படுத்துபவை. ஒற்றைக் கோரில் போகும் ஒளியும் வரும் ஒளியும் ஒரே நிறமாகிவிடும், மக்ஸால் பிரிக்க முடியாது.

அப்படிப்பட்டவர் 100ஜி மாட்யூலுக்கு விலை விசாரிப்பதற்கு முன் இரண்டாவது கோருக்கு வாடகை விசாரிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒற்றைக் கோர் மக்ஸும், லைன் அளவு இடம் கொடுக்கும் எண்ணிக்கையில் 10ஜியும் போட்டு ஓட்டலாம்.

எந்த வழியில் போனாலும், 80 கி.மீ. வகை மாட்யூல் கைக்கு வந்ததும் மேஜையில் வைத்து ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் நேராக இணைத்துச் சோதிக்காதீர்கள். 10ஜி இசட்ஆர் மைனஸ் 7 டிபிஎம்முக்கு மேல் வாங்கக்கூடாது; அது அனுப்புவதோ பூஜ்யத்துக்கு மேல். ரிசீவர் அங்கேயே எரிந்துபோகலாம். ஆர்டரில் 10 டிபி, 15 டிபி அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) இரண்டிரண்டு சேர்த்து எழுதிவிடுங்கள்.